மக்கள்தொகை, கேட் திறந்திருக்கும்போது

படிவத்தில் முதல் கட்டம்: மக்கள்தொகை.
கேட் மூடியிருக்கும்போதா, திறந்திருக்கும்போதா
என்று கேட்டேன்.
பேரூராட்சிப் பையன் சிரித்துவிட்டு
பேனாவை என்னிடமே விட்டுப் போனான்.

வடுவன்குடி சந்திப்பு.
நடைமேடை மூன்று. மூன்றாவதில்
ரயில் நின்று பார்த்தவர் இல்லை.
தையில் அங்கே நெல் காயும்,
ஐப்பசியில் நாய் குட்டி போடும்.

நான் திண்டுக்கல் பக்கம்.
கூட்ஸ் ஷெட் கிளார்க்காக மாற்றலாகி வந்த அன்று
ஜன்னலைத் திறந்து மலையைத் தேடினேன்.
பதினோரு வருஷமாகிறது.
இங்கே உயரம் என்றால் தண்டவாளக் கரைதான்.
கோரையாறு உடைத்துக்கொண்ட ராத்திரி
மாடு, கட்டில், கேஸ் அடுப்பு, கைக்குழந்தை,
ஒரு தண்ணீர்ப்பாம்பு
எல்லாம் அந்தக் கரைமேல்
வரிசையாக உட்கார்ந்திருந்தன.
யாரும் யாரையும் கடிக்கவில்லை.

நாளுக்குப் பதினெட்டு முறை கேட் விழும்.
விழுந்தால்
தஞ்சாவூர் பஸ் நாகப்பட்டினம் பஸ்ஸை
முறைத்துக்கொண்டு நிற்கும்.
சம்சுகனியின் சமோசாக் கூடை ஏறும், இறங்கும்.
கோர்ட்டுக்குப் போகிறவன் வாய்தாவை விடுவான்.
தாமதம் இங்கே குற்றமில்லை.
"கேட்டு" என்றால் போதும்,
ஹெட்மாஸ்டரும் விடுவார், மாமியாரும் விடுவாள்.
கேட் திறந்தே இருந்த நாட்களிலும்
அதையே சொல்லிப் பிழைத்தவர்கள் உண்டு.
நானும்தான்.

உத்திராபதி சுமைதூக்கும் சங்கத்தில் பதினேழாம் நம்பர்.
நாற்பது கிலோ மூட்டை,
வேகனுக்கு ஆயிரத்து இருநூறு.
கணக்கில் ஒன்று குறைந்தால்
என் மேஜை முன்னால் வந்து நின்று
பேசாமல் காதைச் சொறிவார்.
நான் மறுபடி கூட்டுவேன்.
அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.
சொன்னது என்கிறேன், அவர் எதுவும் சொன்னதில்லை.

மாசி மாதம், வியாழக்கிழமை, அவரைத் தூக்கிவந்தார்கள்.
சுடுகாடு லைனுக்கு அந்தப் பக்கம்.
பெண்கள் கேட்டு வரைக்கும் வந்து
திரும்பிவிடுவது வழக்கம்.
அன்று கேட் மூடியிருந்தது.
தர்மபுரி அரவைக்குப் போகும் நெல் ரேக்.
நான் கையெழுத்துப் போட்டு விட்டதுதான்.
முன்னால் போனது, பின்னால் வந்தது,
பாதியில் நின்று மூச்சு விட்டது.
பறை அடித்தவர்கள் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல்
பீடி பற்றவைத்தார்கள்.
பாடையை இறக்கி வைக்கலாமா, கூடாதா
என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.
கடைசியில் தோள் மாற்றிக்கொண்டார்கள்,
மூட்டையை மாற்றுகிற மாதிரியே.

தையல்நாயகி
அழுகையை நிறுத்திவிட்டு
வேகன்களை எண்ணினாள்.
இருபத்தொன்று, இருபத்திரண்டு.
ஈ ஓட்டினாள். மாலையைச் சரிசெய்தாள்.
காதோரம் குனிந்து என்னமோ சொன்னாள், நீளமாக.
நின்ற பஸ்ஸின் மூன்றாவது ஜன்னலில் ஒருவர்,
தினமும் பார்க்கிற முகம் என்பதால்,
"வெள்ளரி இல்லியாம்மா?" என்றார்.
"நாளைக்கு" என்றாள்.

இருபத்திரண்டு நிமிஷம்.
லாக் புத்தகத்தில் இருக்கிறது,
காரணம்: ஷண்டிங்.
கேட் ஏறியதும்
அவர்கள் அந்தப் பக்கம் போனார்கள்,
அவள் இந்தப் பக்கம் திரும்பினாள்.
மறுநாள் வரவில்லை.
அதற்கடுத்த வாரம் கூடையோடு வந்தாள்.

மேம்பாலம் வரும் என்கிறார்கள்.
இரு பக்கமும் தூண் எழும்பி நிற்கிறது,
நடுவில் இன்னும் ஆகாயம்தான்.
வரட்டும். ஆம்புலன்ஸ் போகும்.
போன வருஷம் காத்திருந்த ஒன்றின் சைரன்
எனக்கு இன்னும் கேட்கிறது.
வந்தபிறகு தையல்நாயகி
பாலத்தின் மேலேயா நிற்பாள்,
கீழேயா என்று தெரியவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

"ஊரின் சிறப்பு" என்ற இடத்தில்
நெல் என்று எழுதி, அடித்து,
மறுபடியும் நெல் என்றே எழுதினேன்.
முதல் கட்டம் மட்டும் காலி.
ஐந்து நாற்பது பாசஞ்சர் வருகிறது.
மணி அடிக்கிறது, கேட் இறங்குகிறது,
பஸ்கள் ஒவ்வொன்றாக எஞ்சினை அணைக்கின்றன.
பேனாவை எடுத்துக்கொண்டு
வெளியே போய் எண்ண வேண்டும்.